இழுப்பறையில் ஒரு சாசனம்

அரசியல் சாசனத்துக்கு மேலான அதிகாரம் பூமியில் எதுவுமில்லை என்று, அம்பத்தூர் எஸ்டேட் அரசு அலுவலகத்தில் சட்ட அதிகாரி கஜபதி முழங்குகிறார். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகில் கோர்ட் அமீனா இருதயராஜ் ஜப்திச் சீட்டை ஒட்டுகிறார். வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சர்வதேச நடுவர்கள் விதித்த நஷ்டஈட்டை அரசு கொடுக்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் லேத் கிறீச்சிடுகிறது. “அந்நியன் தீர்ப்பு நம்ம சாசனத்துக்கு முன்னால செல்லாதுய்யா!” “அத்த கோர்ட்டாண்ட எழுதிக் குடுத்துருக்கணும் சார். மூணு மாசம் உங்க மனு வரும்னு கோர்ட்ல பாத்துகினு இருந்தாங்க. எந்திரிங்க.” “அனுப்பியாச்சு, தபால்ல தொலைஞ்சிருக்கும்,” என்கிறார் கஜபதி. வேலை போய்விடுமே என்ற கவலை அவருக்கு. தட்டச்சர் லாவண்யா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். கஜபதியின் மேசையைத் தூக்குவதற்காக அமீனாவின் ஆட்கள் இழுப்பறையைக் கவிழ்க்கிறார்கள். ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் விரித்திருந்த, எண்ணெய் ஊறிய தாள்கள் விழுகின்றன. அவை அரசின் ஆட்சேபணை மனு. அசலும் மூன்று நகல்களும்.