மாற்று வீரர்

"பத்துப் பேரின்ரை பேர் இருக்கு. பதினோராவது ஆள் எங்கை அண்ணை?"

வெள்ளிக்கிழமை வந்த தமிழ்ப் பத்திரிகையைக் கோப்பிக் கடை மேசையில் விரித்துப் போட்டான் ஸ்ரீதரன். புலம்பெயர்ந்த தமிழர்கள் விளையாடும் மல்வேர்ன் கிரிக்கெட் அணியின் கப்டன் அவன். எதிரே இருந்தவர் அணியின் செயலாளர் சிவபாதம். சனிக்கிழமைகளில் நடக்கும் இருபத்தைந்து ஓவர் ஆட்டங்களைப் பற்றி எழுதிப் பத்திரிகைக்கு ஃபாக்ஸ் பண்ணுவது அவர்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் அணியின் நிலைமை வெளியில் சொல்லும்படி இல்லை. எட்டு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. துடுப்பாட்டமாவது பரவாயில்லை, களத்தடுப்பு படு மோசம். ஸ்லிப்பில் நின்ற ஸ்ரீதரன் ஒருவனே ஏழு பிடிகளைக் கோட்டை விட்டிருந்தான்.

வென்ற மூன்றும் நீக்கிலாஸின் புண்ணியம். கவரில் நிற்பான். அவன் கைக்குப் போன பந்து திரும்பி நிலத்தைப் பார்த்ததில்லை.

ஆனால் பத்திரிகையில் அவன் பெயர் ஒரு கிழமைகூட வந்ததில்லை. 'பிடி: மாற்று வீரர்' என்றே வரும்.

"நேற்று வந்த பொடியன் பேர் வாங்கிறான் எண்டு எரிச்சலோ?" என்றான் ஸ்ரீதரன். "இல்லாட்டி அவன் மன்னார், நீங்கள் யாழ்ப்பாணம். அதுவோ?"

சிவபாதத்தின் முகம் சிவந்தது. ஆனாலும் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"விடும் தம்பி. அது அப்படியே இருக்கட்டும்."

"விடேலாது. இந்தக் கிழமை நான் எழுதிறன்."

எழுதினான். சும்மா இல்லை, படத்தோடு. 'நீக்கிலாஸ் மூன்று பிடிகள், ஒரு ரன் அவுட். நீக்கிலாஸ் இல்லையேல் மல்வேர்ன் இல்லை!'

அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரிகை தமிழ்க் கடை வாசல்களில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அன்று பின்னேரமே நீக்கிலாஸ் ஸ்ரீதரனின் கதவைத் தட்டினான். பாராட்டுக்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துச் சிரித்தபடி கதவைத் திறந்தான் ஸ்ரீதரன்.

"அண்ணை, என்ரை வேலையைத் துலைச்சுப் போட்டியள்."

"என்னடா சொல்லுறாய்?"

"சனிக்கிழமையும் எனக்குப் பக்டரியிலை ஷிஃப்ட் இருக்கு. விடிய போன் அடிச்சுக் காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டுத்தான் விளையாட வாறனான். சூப்பர்வைசர் இராஜரட்ணம் எங்கடை ஆள். பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். அதாலைதான் சிவபாதம் அண்ணையிட்டைப் பேர் போடவேண்டாம் எண்டு கேட்டனான்."

ஸ்ரீதரன் உள்ளே வரச் சொல்லியும் அவன் வாசலிலேயே நின்றான்.

"றீற்றாவை ஸ்பொன்சர் பண்ணி இஞ்சை கூப்பிட வேலைக் கடிதம் வேணும் அண்ணை. கலியாணம் முடிச்ச கையோடை அவளை மன்னாரிலை விட்டிட்டு வந்து மூண்டு வருசம். வேலை போனால் கடிதத்துக்கு எங்கை போவன்?"

அவன் போனதும் ஸ்ரீதரன் சிவபாதத்துக்குப் போன் அடித்தான்.

"இதை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"தம்பி, உம்மடை கையிலை பந்தே நிக்கேல்லை. ரகசியம் நிக்குமோ?"

மறுநாள் சனிக்கிழமை. நீக்கிலாஸ் விளையாடப் போகவில்லை. விடிய முதல் பஸ்ஸைப் பிடித்துப் பக்டரிக்குப் போனான். காலில் விழுந்தாவது வேலையைக் காப்பாற்ற வேண்டும். இத்தனை சனிக்கிழமை வராமல் விட்டும் திங்கட்கிழமைகளில் அவனுடைய மெஷினில் ஒரு வேலைகூடத் தேங்கிக் கிடந்ததில்லை. யாரோ பகுதிநேரப் பொடியனைப் போட்டிருக்கிறார்கள், இனி அவனையே நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனான்.

உள்ளே, அவனுடைய மெஷினுக்குப் பக்கத்தில் இராஜரட்ணம் நின்றார். அருகே பெட்டிமேல் பத்திரிகை. நீக்கிலாஸின் படம் மேலே தெரியும்படி மடித்திருந்தது.

"என்ன, இண்டைக்குக் காய்ச்சல் இல்லையோ?"

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அங்கிள். இனி விளையாடப் போகமாட்டன்."

"எட்டுக் கிழமையாப் பேப்பரிலை பேரில்லாத ஒருத்தன் பிடி பிடிக்கிறான். அதே எட்டுச் சனிக்கிழமையும் உனக்குக் காய்ச்சல். எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ?"

இராஜரட்ணம் பத்திரிகையை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இவ்வளவு நாளும் தெரியாத மாதிரி இருந்திட்டன். இப்ப பேர் வந்திட்டுது. மற்றப் பொடியள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"அங்கிள், றீற்றாவின்ரை ஸ்பொன்சர்..."

"கடிதம் திங்கட்கிழமை தாறன். அடுத்த கிழமையிலையிருந்து உனக்குச் சனிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை வேலை. வாயைத் திறந்து கேட்டிருந்தால் முதலே மாத்தித் தந்திருப்பன். பொய் சொன்னதுதான் எனக்குக் கோபம்."

நீக்கிலாஸுக்குக் கண் நிறைந்து விட்டது. சேர்ட் கையால் துடைத்துக்கொண்டு, வேலையைத் தொடங்க மெஷின் பக்கம் போனான். இராஜரட்ணம் வழி விடவில்லை.

"மட்ச் எத்தினை மணிக்கு?"

"பத்து மணிக்கு அங்கிள். ஆனா நான்..."

"அப்ப ஏன் இஞ்சை நிக்கிறாய்? ஓடு. அந்த ஸ்ரீதரனை ஸ்லிப்பிலை நிக்கவேண்டாம் எண்டும் சொல்லு."

"இண்டைக்கு என்ரை மெஷின்?"

இராஜரட்ணம் பொக்கற்றிலிருந்து கையுறைகளை எடுத்தார். இரண்டும் எண்ணெய்க் கறையேறி, விரல் நுனிகள் தேய்ந்து கிடந்தன.

"ஒன்பது சனிக்கிழமையா இதிலை ஆர் நிண்டது எண்டு நினைச்சாய்?"