கட்டாத புடவை

ஆன்லைனில் புடவை விற்கும் ரேணுகா, கூடுவாஞ்சேரி வீட்டில் திரும்பி வந்த பார்சலைப் பிரித்தாள். பச்சைப் புடவை முழுக்கச் சந்தன வாசனை, முந்தானையில் ரசக்கறை.

"நல்லா கட்டிகினு சுத்திட்டு அனுப்பிகீறாங்க. சும்மா வுடாத!" என்று கொதித்தான் கணவன் ஆனந்தன்.

ரேணுகா போன் போட்டாள்.

"ஒருதரம்கூடக் கட்டலம்மா, கலர் புடிக்கல," என்றாள் வாங்கியவள்.

"பரவால்லக்கா, பணத்த அனுப்பிடறேன். உங்க வூட்ல அடுத்த கல்யாணம் எப்போ?"

எதிர்முனை பட்டென்று இணைப்பைத் துண்டித்தது.

"இன்னாடி, ஏமாத்தறவங்கள கொஞ்சிகினு கீற?" என்றான் ஆனந்தன்.

ரேணுகா சிரித்தபடி வாட்ஸ்அப்பைக் காட்டினாள். திருக்கழுக்குன்றத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் போட்டோவைப் பதினாலு பெண்கள் அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்:

"நடுவுல நிக்கறவங்க கட்டியிருக்கிற பச்சைப் புடவை உங்ககிட்ட வாங்கினதாமே, எனக்கும் ஒண்ணு வேணும்!"