பாலத்து வளைவு

வேலை மேசை மேல், கார் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வேகம் கூட்டும் டர்போக்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஆள் தலை பெரிசு. மற்றது இரண்டு கை முட்டி பெரிசு.

பெரியவர் பெரியதைத்தான் சொல்லியிருந்தார். அவர் பட்டறையில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

மருமகள் சின்னதின் மேல் கை வைத்தாள்.

பல் டாக்டரின் கார் அது. முன்சீட்டு இரண்டைத் தவிர உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டு எழுநூறு கிலோவுக்குக் கொண்டுவந்தாயிற்று. நானூறு குதிரைத்திறன் வேண்டும் என்று டாக்டர் ஒற்றைக் காலில் நிற்கிறார். பெரியது கொடுக்கும். சின்னதுக்கு முந்நூறிலேயே மூச்சு வாங்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பெரியவர் கேட்டார்.

அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எழுந்து போயிருப்பார். டர்போவின் திறனைக் காட்ட விற்கிறவன் அதில் வரைந்த கோடு விற்கிறவன் பக்கம்தான் வளையும் என்பது அவர் கட்சி.

ஒரு நோட்டை வைத்தாள். பென்சிலில் வெறும் எண்கள்.

நாலு நாள் காலையில் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வேலைக்குப் போகும் வழியெல்லாம், வளைவுக்கு வளைவு இன்ஜின் சுற்றை எழுதியிருந்தாள்.

பெரியவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எண் அப்படியில்லை. விரலை வைத்து இறங்கினார். இரண்டாயிரத்து எண்ணூறு. மூவாயிரத்து நூறு. பெரிய டர்போ விழித்து வேலை தொடங்குகிற நாலாயிரத்தை ஒரே இடத்தில்தான் தாண்டியிருந்தது.

"பெருசு வழியெல்லாம் தூங்கும் மாமா. முழிச்சா பாலத்து வளைவுலதான் முழிக்கும். திடீர்னு அத்தனை இழுப்பு வந்தா இந்த எடைக்குப் பின்சக்கரம் அங்க நிக்காது, வழுக்கிரும்."

பெரியவர் ஓட்டை தேடினார். மழையா வெயிலா என்றார். ஓரத்தில் குறித்திருந்தாள். பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்று டாக்டர் அடக்கி ஓட்டியிருப்பான் என்றார். முதல் நாள் பக்கத்தை அதற்காகவே குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தாள்.

இத்தனை வருஷத்தில் பட்டறைக்கு வந்தவன் எவனும் வண்டியைப் பார்த்தானே தவிர, அது போகிற வழியைப் பார்க்கவில்லை. அவரும்தான்.

நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. அதை முகத்துக்கு வரவிடாமல் நோட்டை மூடினார்.

அவளுக்கு இன்னும் ஒரு தயக்கம் இருந்தது. இன்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்களைப் பற்றவைப்பது மாமனார் கை. பெரியதின் வாய்க்குச் செய்தது சின்னதில் உட்காராது. குழாய் வேலையை ஆரம்பித்திருந்தால் சொல்லிவிடுங்கள், உங்கள் உழைப்பை வீணாக்க வேண்டாம், பெரியதையே போட்டு எப்படியாவது சமாளிக்கலாம் என்றாள்.

"இன்னும் தொடல," என்றார். "சின்னதுக்கே அளவெடு. டாக்டர் வந்து ஏன்னு கேட்டா நீயே சொல்லு. எங்கிட்ட வர வேணாம்."

அவள் அளவுகோல் எடுக்க உள்ளே போனாள்.

பெரியவர் மேசைக்கு அடியில் இருந்த சாக்கைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார். அதற்குள் இருந்தது, அவள் டாக்டரோடு போன நாலு நாளும் அவர் செய்தது. நாலு குழாயும் ஒன்றாய்ச் சேர்ந்து, பெரிய டர்போவின் வாய்க்கு மயிரிழை பிசகாமல். டாக்டர் வந்ததும் தூக்கிக் காட்டலாம் என்று இருந்தார். கடைசியாகப் பற்றவைத்த இடத்தின் சூடு இன்னும் ஆறவில்லை.

ஏதோ கருகுகிறதே என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

பக்கத்துப் பட்டறைக்காரன் எதையோ கொளுத்துகிறான் என்றார். அவன் மேல் அவருக்கு எப்போதுமே சந்தேகம்தான்.