ஹஃப்சாவின் தீவுப் பட்டியல்

கௌசரின் நாத்தனார் ஹஃப்சா மாலத்தீவுக்குப் போனதிலிருந்து, அங்கே பார்த்ததையும் செய்ததையும் எண் போட்டு ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டிருந்தாள். எர்ணாவூர் மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி கௌசர் ஒவ்வொன்றையும் பார்த்துக் கரித்துக்கொட்டினாள்.

"மீனப் பாக்க தண்ணிக்குள்ள முழுவுறாளாம். காசிமேடு போனா ஓசில பாக்கலாம்," என்றாள் பக்கத்து வீட்டு நர்மதாவிடம். "துட்டு குடுத்து வெயில்ல காஞ்சிகினு கீறா, கருவாடு கணக்கா."

நான்காவது படத்தில் ஹஃப்சா கடலுக்குள் கட்டிய ஊஞ்சலில் ஆடினாள். பின்னால், பளிங்கு போன்ற நீலத் தண்ணீரில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புகைபோக்கி ஒன்று நின்றது.

கௌசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாலத்தீவாம், மாலத்தீவு! எண்ணூர்ல நின்னு போட்டோ புட்ச்சி ஊர ஏமாத்துறா. அவ அண்ணன் வேல செய்யிற எடம் இது!"

அதே புகைபோக்கியைப் படமெடுத்து அனுப்பி அவள் மானத்தை வாங்குவதற்காகக் கைபேசியை வடக்கே திருப்பினாள். அங்கே எப்போதும் அனல்மின் நிலையத்தின் மூன்று புகைபோக்கிகள் தெரியும். இன்று இரண்டுதான் இருந்தன.

"இன்னாக்கா, ஒண்ணக் காணோம்?" என்றாள் நர்மதா.

அந்த மூன்றாவதன் அடியில்தான் கணவன் சுஹைபுக்குக் காலை ஷிப்ட். கௌசர் அவனுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் குரல் புரியாத மொழியில் ஏதோ சொல்லிவிட்டு நின்றது.

ஐந்தாவது படம் வந்தது: 'அண்ணனுடன் மதியச் சாப்பாடு.' வெள்ளை மணலில் சுஹைப் நீலச் சீருடையோடு உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். காலையில் கௌசர் கட்டிக்கொடுத்த மீன்குழம்பு டப்பா பக்கத்தில் திறக்காமலே இருந்தது.