ஐந்தாவது கம்பி

அவன் கதவைத் திறந்தான். கீழ் வீட்டு அக்கா நின்றிருந்தார்.

“தினமும் சாயங்காலம் கிட்டார் வாசிக்கிறது நீதானே?”

“சாரிக்கா. சத்தத்தைக் குறைச்சிடறேன்.”

“அதைக் கொண்டா.”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரின் கழுத்தைப் பார்த்தார். ஒவ்வொரு கம்பியாக அழுத்தி மீட்டினார். ஐந்தாவது கம்பி ‘கொர்ர்’ என்றது.

“விலை கம்மின்னு வாங்கினேன்க்கா. குப்பை.”

“கிட்டாரைக் குறை சொல்லாதே. கழுத்து நேராத்தான் இருக்கு. கம்பி தாழ்ந்துபோய் அடியில உரசுது, அவ்வளவுதான்.”

கைப்பையிலிருந்து ஒரு குட்டிச் சாவியை எடுத்து, அந்தக் கம்பியைத் தாங்கும் திருகை அரைச் சுற்று திருப்பினார். சுருதி சேர்த்துவிட்டு அவனிடம் நீட்டினார். அவன் மீட்டினான். கம்பி மணி மாதிரி ஒலித்தது. மூன்று மாதமாகத் தன் விரலையும் கிட்டாரையும் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு வாயெல்லாம் பல்.

“எத்தனை வருஷமா வாசிக்கிறீங்கக்கா?”

“எனக்கு வாசிக்கவே தெரியாது. நான் பல் டாக்டர். பகலெல்லாம் கிளினிக்ல இந்தக் கொர்ர்தான், வீட்டுக்கு வந்தா மேலேயும் அதே கொர்ர். நீ விடறதா இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் ரெண்டு ஞாயித்துக்கிழமை கிட்டார் கடையில உட்கார்ந்து, இதை மட்டும் கத்துக்கிட்டு வந்தேன்.”