கிரான் தூள்

“அளவு என்ட கையில இல்ல தம்பி,” என்று மூன்றாம் தடவையாகச் சொல்லிவிட்டு, கண்ணகை வெறும் உரப்பையை உதறித் தோளில் போட்டாள்.

அழகரத்தினம் நம்பவில்லை. கொழும்பில் ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்க்கிறவன் அவன். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பான்! விலையை ஏற்றத்தான் பிகு பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. இங்கே சண்டை, லண்டனிலோ ஊர் ஊராகத் தேடிப் புதுப்புதுக் கறித்தூள் வாங்கும் பைத்தியம். கண்ணகையின் தங்கச்சி மகள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன கறித்தூள், அங்கே ஒரு பெரிய சமையற்காரரின் கையில் அகப்பட்டுவிட்டது. ‘கறித்தூளில் தேயிலை போடும் யோசனை யாருக்கு வந்தது?’ என்று மனிதர் அசந்துபோனாராம்.

எந்தச் சாமான் எவ்வளவு என்ற அளவு சனிக்கிழமைக்குள் வராவிட்டால் எதியோப்பியாத் தூளை எடுத்துக்கொள்வோம் என்று லண்டனிலிருந்து கம்பனிக்குக் கடிதம் வந்தது. ‘அளவோடு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே’ என்று முதலாளி அவனைக் கண்ணகையின் ஊரான கிரானுக்கு அனுப்பிவிட்டார். அந்த ஓடர் கிடைத்தால் சொந்தமாக ஒரு அரைக்கிற மெஷின் வாங்கலாம் என்பது கண்ணகைக்கும் தெரியும். அதற்காகக் குனிகிற ஆள் அவள் இல்லை.

“பக்கெட் உறையில ‘முந்நூறு வருசக் குடும்ப இரகசியம்’ எண்டு போடுவம் அக்கா. லண்டன்காரருக்கு அதுதான் பிடிக்கும்.”

“ஆர்ர குடும்பம்?” கண்ணகை வாய்விட்டுச் சிரித்தாள். “கிரான் எண்டு போடுங்க. என்ட பேரப் போடுங்க. பாவம் எண்டு மட்டும் எங்கயும் போடாதீங்க. அளவு வேணுமெண்டா என்னோட வாழைச்சேனைக்கு வாங்க.”

வாழைச்சேனையில் முத்தலிப் நானாவின் கடையில் சாமான்கள் ஒன்பது கடதாசிச் சரைகளாகப் பொட்டலம் கட்டப்பட்டன. கொச்சிக்காய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், கறுவா, மாசிக் கருவாடு. கடைசியாக, வீட்டில் குடிக்கத் தேயிலைத்தூள். அழகரத்தினம் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றின் நிறையையும் களவாக எழுதிக்கொண்டான்.

நானா அதைக் கண்டுவிட்டார். “எழுதி என்ன செய்யப் போறீங்க தம்பி? கடையில நிறுக்கிறது ஒரு அளவு, வீட்டுக்குப் போய்ச் சேருறது இன்னொரு அளவு.”

‘இவரும் கூட்டுத்தான்’ என்று அழகரத்தினம் உள்ளுக்குள் பொருமினான்.

திரும்பி வரும் வழியில், ஆமியின் சோதனைச் சாவடியான சென்றியில் பஸ் நின்றது. எல்லோரும் சாமானோடு இறங்கி நடந்தார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை. பெண்களுக்குத் தகரம் அடித்த ஒரு மறைப்பு. கண்ணகை சரைகளைக் கையிலும் மடியிலுமாக அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபடி உள்ளே போனாள்.

அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அழகரத்தினம் மறுபக்கம் காத்து நின்றான். மறைப்புக்குள் யார் யாரோ தும்மும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கண்ணகை உரப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சுமக்க வசதியாக எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டாளாக்கும் என்று அவன் நினைத்தான்.

“என்னக்கா, கண் சிவந்திருக்கு? அழுதீங்களா?”

“நான் ஏன் அழுற? கொச்சிக்காய்க் காரம்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பை மூட்டிச் சட்டியை வைத்தாள். அழகரத்தினம் பேனாவைத் திறந்தான். கொழும்புக்கு இன்றைக்கே திரும்பியாக வேண்டும்.

“அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். இந்த அளவக் கண்டுபிடிச்சது ஆர்? அவங்கட படத்தையே பக்கெட்டுல போடுவம்.”

கண்ணகை உரப்பையின் முடிச்சை அவிழ்த்துப் பாயில் தலைகீழாகக் கவிழ்த்தாள். மிளகும் மல்லியும் மாசியும் தேயிலையும் கிழிந்த கடதாசியுமாக ஒரே குவியல். அவள் கடதாசித் துண்டுகளையும் மண்ணையும் நிதானமாகப் பொறுக்கிப் புடைக்கத் தொடங்கினாள். அழகரத்தினம் தலையில் கை வைத்தான்.

“ஐயோ, எல்லாம் நாசமாப் போச்சே!”

“மொதல் தரம் நானும் இப்பிடித்தான் நினைச்சன், இருந்து அழுதன். மறுகா, அவள் கொட்டினா கொட்டட்டும், நான் வறுப்பன் எண்டு வறுத்தன். இண்டைக்கு ரெண்டு வருசமா வறுக்கிறன்.” இரண்டு கையாலும் குவியலை அள்ளிச் சட்டியில் போட்டாள். வாசம் கூரைவரை எழும்பியது.

“கொட்டினவளா? ஆரக்கா அவள்?”

“சென்றியில நிக்கிற ஆமிக்காரிதான் தம்பி, உங்கட முந்நூறு வருசக் குடும்ப இரகசியம்!”