பட்டியலில் கடைசிக் கட்டம்

"அடிப்பக்கம் தேய்ச்சு பெயின்ற் அடிச்சாச்சா தம்பி?" றிஸ்மியா பட்டியலைப் பார்த்துக் கேட்டாள்.

"ஓம் அக்கா. ரெண்டு கோட்."

குளிர்காலம் முழுக்க ஸ்காபரோ ஏரிக்கரையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த பாய்மரப் படகு அது. சனிக்கிழமை தண்ணீரில் இறக்க வேண்டும். படகுகளைப் பழுதுபார்க்கும் சுகிர்தனுக்கு இன்னும் ஆறு படகுகள் காத்திருந்தன. போன வருடம் இவளுடைய கணவர் ரம்ஸீன், "நீ சொன்னாச் சரி" என்று ஒரே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இந்த மனுசி விடுகிற மாதிரி இல்லை.

"பம்ப்?"

"ஓடவிட்டுப் பாத்தனான்."

"லைஃப் ஜக்கெட்? தண்ணியில விழுந்தாக் காத்து நிரப்புற காஸ் சிலிண்டர்?"

"நாலையும் திறந்து பாத்தனான். எல்லாம் ஃபுல்." சுகிர்தன் கடைசிக் கட்டத்திலும் டிக் போட்டான். "ரம்ஸீன் நானா வரேல்லையோ? நான் செப்டம்பரிலயே ஊருக்குப் போய் போன மாசந்தான் வந்தனான். ஆளைக் காணவேயில்லை."

றிஸ்மியா கைப்பையைத் திறந்து, விரலளவு சிலிண்டர்கள் நான்கை ஒவ்வொன்றாக வேலை மேசையில் வைத்தாள்.

"நாலையும் நேத்தே நான் கழட்டி எடுத்திட்டன்."

சுகிர்தனின் பேனை அந்த டிக்கின் மேலேயே நின்றது.

அவள் போன வருடத்துப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். அதே கட்டத்தில் அதே டிக்.

"ஒக்டோபர்ல அவர் ஏரிக்குள்ள விழுந்து ஜக்கெட்டில காத்து நிரப்புற கயித்தை மூணு தரம் இழுத்தார் தம்பி. நான் படகில நிண்டு பாத்தன்."